லிஃப்ட் செய்த ஜீப்பில் ஸ்டீயரிங் ஆடுகிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

மைசூரு வட்டாரத்தில் உயர்த்திக் கட்டிய ஜீப்புகளுக்குக் குறைவில்லை. குடகு காபித் தோட்டத்துப் பழைய மஹிந்திரா, எச்.டி. கோட்டைப் பக்கம் பண்ணை வீட்டு ஜிப்ஸி, மடிக்கேரியிலிருந்து மாந்தல்பட்டிக்கு ஆள் ஏற்றும் வாடகை ஜீப், 2023 ஜூனில் விற்பனைக்கு வந்த ஜிம்னி என்று வகைவகையாக ஓடுகின்றன. சேற்றிலும் பாறையிலும் சாதுவாக நடக்கும் வண்டி, வெளிவட்டச் சாலையில் 70 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் ஸ்டீயரிங்கை உதறுகிறது என்பதுதான் பலரின் புகார்.

புகாரைச் சொன்ன கையோடு ஒரு யோசனையும் வந்து சேரும்: "ஸ்டீயரிங் டேம்பர் ஒண்ணு மாட்டுங்க, சரியாயிடும்." மாட்டினால் ஆட்டம் அடங்கவும் செய்யும். ஆனால் பழுது அப்படியே இருக்கும். லிஃப்ட் கிட் புதிதாகப் பழுதை உண்டாக்குவதைவிட, ஏற்கெனவே இருந்த தேய்மானத்தை வெளியே இழுத்துக் காட்டுவதுதான் அதிகம். அதனால் காசு செலவாகாத சோதனைகளை முதலில் செய்வோம், பாகம் வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போகாதீர்கள்.

## எந்த வகை ஆட்டம்?

எல்லா ஆட்டமும் ஒன்றல்ல. நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வேகத்தோடு வந்து வேகத்தோடு போவது. 70-ல் தொடங்கும், 80-ல் உச்சம், 95-ல் குறைந்துவிடும். பெரும்பாலும் டயர், ரிம், பேலன்சிங் சம்பந்தப்பட்டது.

பிரேக் மிதித்தால் மட்டும் வருவது. பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள். லிஃப்டுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு.

ஆக்ஸிலரேட்டர் அழுத்தினால் மட்டும் வருவது. ஸ்டீயரிங்கைவிட வண்டித் தரையிலும் சீட்டிலும் தெரியும். ப்ரொபெல்லர் ஷாஃப்ட், அதன் ஜாயின்ட், டிரைவ் ஷாஃப்ட் பக்கம் போங்கள்.

ஒரு குழியில் விழுந்ததும் தொடங்கி, நிற்காமல் வளர்வது. முன்பக்கம் முழுவதும் இடமும் வலமும் அடிக்கும். வேகத்தை வெகுவாகக் குறைத்தால்தான் அடங்கும். ஆஃப்ரோடு ஆட்கள் இதை "டெத் வாபிள்" என்பார்கள். இது வந்த வண்டியைக் காரணம் தெரியும்வரை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

## உங்கள் வண்டியின் முன் ஆக்ஸில் எது?

நான்காவது வகை ஆட்டம் ரிஜிட் ஆக்ஸில் வண்டிகளின் பரம்பரைச் சொத்து. இரண்டு முன்சக்கரங்களும் ஒரே கட்டையில் இருப்பதால், ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் கட்டை முழுவதும் சாய்கிறது. வேகமாகச் சுழலும் சக்கரத்தைச் சாய்த்தால் அது பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். திரும்பிய சக்கரத்தை, இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடும் டயரின் பிடிப்பும் திருப்பி இழுக்கும், கட்டை மறுபக்கம் சாயும். இணைப்புகளில் லேசான பிளே (தளர்வு) இருந்துவிட்டால் இந்த ஊசலாட்டம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். 1920-களில் காற்றழுத்தம் குறைந்த அகலமான பலூன் டயர்கள் வந்தபோது அமெரிக்கக் கார்களை இதே ஆட்டம் படாதபாடு படுத்தியது. 1934 மாடல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனியான முன் சஸ்பென்ஷனுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊர்க் கணக்கு இது:

- ரிஜிட் ஆக்ஸில், ஸ்பிரிங் பட்டை: மாருதி ஜிப்ஸி, மஹிந்திரா எம்எம் 540 போன்ற பழைய ஜீப்புகள்.
- ரிஜிட் ஆக்ஸில், காயில் ஸ்பிரிங்: மாருதி ஜிம்னி.
- தனித்தனி சஸ்பென்ஷன்: 2010-ல் வந்த தார் (சிஆர்டிஇ மாடல்), 2020-ல் வந்த புதிய தார், 2021-ல் வந்த புதிய ஃபோர்ஸ் குர்கா.

முதல் இரண்டு வகைக்கு எல்லாப் படிகளும் பொருந்தும். மூன்றாவது வகைக்காரர்கள் முதல் நான்கு படிகளை முடித்துவிட்டு, பின்னால் தனியாக உள்ள பகுதிக்குப் போகலாம்.

## கையில் இருக்க வேண்டியவை

ஜாக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்ட், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, டார்க் ரென்ச், காற்றழுத்த மானி, டார்ச், சாக்பீஸ், அளவு நாடா, ஒரு நெம்புகோல், சொன்னதைச் செய்யும் ஒரு துணை ஆள். சிமென்ட் தரை வேண்டும், மண் தரை வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியரில் போட்டு நிறுத்தியும் பயனில்லை, வண்டி உருளும். அதனால் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பது கட்டாயம்.

## படி 1: ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்

விடியற்காலை, ஈரமில்லாத சாலை, நெரிசல் இல்லாத வெளிவட்டச் சாலைப் பகுதி. 40, 60, 70, 80 என்று படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். டெத் வாபிள் ஏற்கெனவே வந்த வண்டிக்கு இந்தப் படி வேண்டாம், நேராகப் படி 2-க்குப் போங்கள்.

2023 மார்ச் 12 அன்று திறந்துவைக்கப்பட்ட பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை இதற்கு ஏற்ற இடமில்லை. பின்னால் வருபவர்கள் நூறில் வரும் சாலையில் வேகத்தை ஏற்றி இறக்கிச் சோதிப்பது ஆபத்து. மேம்பால இணைப்புகளின் தட்டலே சில வண்டிகளுக்கு ஆட்டத்தைக் கிளப்பிவிடப் போதும்.

குறிக்க வேண்டியவை: எந்த வேகத்தில் தொடங்குகிறது, எதில் அடங்குகிறது, பிரேக்கில் கூடுகிறதா, ஹம்ப் தாண்டியதும் வருகிறதா, ஆட்டம் ஸ்டீயரிங்கில் தெரிகிறதா சீட்டிலா. ஸ்டீயரிங்கில் என்றால் முன்சக்கரம், சீட்டில் என்றால் பின்சக்கரம் என்பது முதல் ஊகம். கேரேஜில் போய் "ஸ்டியரிங் அல்லாடுத்தெ" (ஸ்டீயரிங் ஆடுகிறது) என்று மட்டும் கன்னடத்தில் சொன்னால் பேலன்சிங்குக்குத்தான் அனுப்புவார்கள். "72-ல் வருகிறது, 60-க்கு இறங்கினால்தான் போகிறது, ஹம்ப் ஏறினால் உடனே வருகிறது" என்று சொன்னால் மெக்கானிக் நேராக வண்டிக்கு அடியில் போவார்.

## படி 2: டயரும் ரிம்மும்

விக்ராந்த் டயரை நாட்டுக்குக் கொடுத்த ஊர் மைசூரு, பேலன்சிங் இயந்திரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே போகுமுன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

காற்று. டயர் குளிர்ந்திருக்கும்போது அளவெடுங்கள். சேற்றுக்காக 18–20 பிஎஸ்ஐ வரை இறக்கியிருந்தால், தார்ச் சாலைக்கு வந்ததும் ஏற்றியாக வேண்டும். இரண்டு முன்சக்கரங்களிலும் ஒரே அழுத்தம் இருக்க வேண்டும்.

ஒட்டிய சேறு. மழைக்காலத்தில் ஹுன்சூர் பக்கம் ஓட்டி வந்த வண்டியின் ரிம் உட்புறத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிப்பக்கம் பளபளவென்று கழுவியிருக்கும். உள்விளிம்பில் செம்மண் அப்பிக் காய்ந்து, ரிம்மின் வளைவாகவே மாறியிருக்கும். விரலால் சுரண்டினால் வராது. ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்து நெம்பினால் உள்ளங்கை அகலத்துக்குப் பாளமாகப் பெயர்ந்து விழும். பத்து இருபது கிராம் ஈயத்தை ஒட்டி பேலன்ஸ் செய்யும் சக்கரத்தில் இந்தப் பாளம் எளிதாக நூறு கிராமைத் தாண்டும். நான்கு சக்கரத்தையும் சுத்தம் செய்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சில வண்டிகளுக்கு வைத்தியம் இத்தோடு முடிந்துவிடும்.

நட்டும் ரிம்மும். வெளியில் வாங்கிய அலாய் ரிம்மின் நடுத்துளை, ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் சக்கரம் மையம் விலகி உட்காரும். கூம்பு நட்டு வேண்டிய ரிம்மில் தட்டை நட்டு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிய நிலையில் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, தரையில் இறக்கியபின் டார்க் ரென்ச்சால் முடியுங்கள். வீல் ஸ்பேசர் இருந்தால் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். சக்கரம் வெளியே தள்ளிப் போகப் போக, சாலையின் ஒவ்வொரு அடியும் ஸ்டீயரிங்கில் கூடுதலாக விழும்.

டயர் அளவு. ஜிம்னியின் கம்பெனி டயர் 195/80 ஆர்15, விட்டம் சுமார் 69 செ.மீ. பலர் போடும் 235/75 ஆர்15 சுமார் 73 செ.மீ. 80 கி.மீ. வேகத்தில் முதலாவது நொடிக்குச் சுமார் 10.2 முறை சுற்றும், இரண்டாவது 9.6 முறை. டயர் மாற்றியதும் ஆட்டம் வரும் வேகமும் கொஞ்சம் தள்ளிப் போனால், சுழலும் சக்கரம்தான் காரணம் என்பதற்கு அது நல்ல தடயம்.

கோணல். முன்சக்கரத்தைத் தூக்கி, டயருக்கு மிக அருகில் ஒரு கம்பியை நிறுத்திச் சுற்றிவிடுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை, அல்லது ரிம் வளைந்திருக்கிறது, அல்லது டயருக்குள் பெல்ட் விட்டுவிட்டது. டயரில் புடைப்பு தெரிந்தால் அதில் மேற்கொண்டு ஓட்ட வேண்டாம்.

இதன்பின் நான்கு சக்கரத்துக்கும் பேலன்சிங் செய்யுங்கள். அப்படியும் ஆட்டம் இருந்தால் முன்னிரண்டையும் பின்னுக்கு மாற்றி ஓட்டுங்கள். ஆட்டம் ஸ்டீயரிங்கிலிருந்து சீட்டுக்கு இடம் மாறினால் பழுது அந்த ஜோடியில் இருக்கிறது. எதுவும் மாறவில்லை என்றால் அடுத்த படி.

## படி 3: சக்கரம் தரையில் இருக்கும்போதே பிளே சோதனை

மொத்தச் சோதனையிலும் அதிகம் சொல்லித் தருவது இதுதான். வண்டி தன் எடையோடு தரையில் நிற்கட்டும். பவர் ஸ்டீயரிங் என்றால் எஞ்சின் ஓட வேண்டும். கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை. துணை ஆள் ஸ்டீயரிங்கைக் கால் சுற்று இடம், கால் சுற்று வலம் என்று விடாமல் ஆட்டட்டும். ஓடும் பெல்ட், ஃபேன் பக்கம் கையும் துணியும் போகக் கூடாது.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம், கையை வையுங்கள். டை ராட் எண்டின் மேல் கட்டைவிரலைப் பாதி இந்தப் பாகத்திலும் பாதி அந்தப் பாகத்திலுமாகப் படுமாறு அழுத்திப் பிடியுங்கள். நல்ல ஜாயின்டில் இரண்டு பாகமும் ஒன்றாகவே நகரும். தேய்ந்ததில், துணை ஆள் திசை மாற்றும் அந்த நொடியில் ஒன்று நகர்ந்து மற்றது நின்று, விரலுக்குக் கீழே "டிக்" என்று ஒரு தட்டு தெரியும். கண்ணுக்குப் படாத அரை மில்லிமீட்டர்கூட விரலுக்குத் தெரிந்துவிடும்.

மேலிருந்து கீழாக வரிசையாகப் போங்கள்:

1. ஸ்டீயரிங் ஷாஃப்ட் கப்ளிங்
2. ஸ்டீயரிங் பாக்ஸை சேஸிஸோடு இணைக்கும் போல்ட்டுகள், அவற்றைச் சுற்றி விரிசல்
3. பிட்மன் ஆர்ம் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வெளிவரும் கை)
4. டிராக் லிங்க்கின் (பிட்மன் ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் தடி) இரு முனைகள்
5. டை ராடின் இரு முனைகள்
6. பேன்ஹார்ட் ராடின் இரு முனைகள் (ஜிம்னியில்; விளக்கம் படி 5-ல்)

சக்கரம் நகருமுன் எந்த இடம் நகர்கிறதோ அதில் சாக்பீஸால் குறியிடுங்கள்.

## படி 4: சக்கரத்தைத் தூக்கிவிட்டு

ஒரு முன்சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் துணை ஆளை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். பிரேக்கில் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். பிரேக் மிதித்தும் ஆடினால் கிங் பின், அல்லது தனித்தனி சஸ்பென்ஷன் வண்டியில் பால் ஜாயின்ட். 3, 9 இடங்களில் மட்டும் ஆடினால் டை ராட் எண்ட் பக்கம் திரும்பிப் போங்கள்.

ஜிப்ஸிக்கும் ஜிம்னிக்கும் பழைய மஹிந்திராக்களுக்கும் கிங் பின் பேரிங்தான் முக்கியமான சந்தேக நபர். பேரிங் முற்றிலும் உடைய வேண்டியதில்லை, அதன் இறுக்கம் தளர்ந்தாலே போதும். டை ராடைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங் நக்கிளை ஸ்பிரிங் தராசால் இழுத்து, நகர எத்தனை கிலோ பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது அந்தந்த மாடலின் ஒர்க்‌ஷாப் மேனுவலில் இருக்கும். குறைவாக இருந்தால் ஷிம்மைக் குறைத்து இறுக்கலாம், பேரிங் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். நக்கிள் சீல் ஓரத்தில் கிரீஸ் நீர்த்து வழிந்தாலோ துருநிறத்தில் இருந்தாலோ ஆற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் இறுக்கிப் பயனில்லை, பிரித்துத்தான் ஆக வேண்டும்.

## படி 5: ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் இணைப்புகள்

ஜிம்னியில் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்திருப்பது பேன்ஹார்ட் ராட், லேட்டரல் ராட் என்றும் சொல்வார்கள். லிஃப்ட் போடும்போது இதன் போல்ட்டைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். சரியாக முடுக்காத போல்ட் மெல்ல மெல்லத் துளையை நீள்வட்டமாகத் தின்றுவிடும். நட்டை முடுக்கினால் ஆட்டம் நின்று, சில நாளில் மறுபடி வந்தால் போல்ட்டைக் கழற்றித் துளையைப் பாருங்கள். ரப்பர் புஷ் வெடித்திருக்கிறதா, பிராக்கெட் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங் பட்டை வண்டிகளில் அந்த வேலையைப் பட்டையே செய்கிறது. ஷாக்கிள் புஷ், யு-போல்ட், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் மூன்றையும் சோதியுங்கள். புதுப் பட்டை போட்டபின் யு-போல்ட் தளர்வது சகஜம், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்க வேண்டும்.

## படி 6: லிஃப்ட் மாற்றிய கோணங்கள்

பிளே எங்குமில்லை என்று உறுதியான பிறகே இங்கே வாருங்கள்.

காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்சாய்வாக இருப்பது, கையை விட்டாலும் அது நேராகப் போக உதவுகிறது. ஜீப்பின் கிங் பின்னுக்கும் அதே சாய்வு வேண்டும், அதுதான் காஸ்டர். ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் ஆர்ம் 70 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். 5 செ.மீ., அதாவது இரண்டு இஞ்ச் லிஃப்ட் போட்டால் ஆர்ம் ஏறக்குறைய 4 டிகிரி சாயும், ஆக்ஸிலும் கூடவே சுழலும். இத்தகைய வண்டிகளின் காஸ்டரே சில டிகிரிதான், அதில் நாலு போனால் மிச்சம் என்ன இருக்கும்? ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது, வண்டி சாலையில் அலையும்.

காயில் ஸ்பிரிங் வண்டிக்கு மையம் விலகிய புஷ் அல்லது மாற்று ஆர்ம் போட்டும், பட்டை வண்டிக்கு ஆப்புத் தகடு வைத்தும் காஸ்டரை மீட்கலாம். அளவுக்கு மீறினால் வேறு தொல்லை. காஸ்டர் கூடிப்போனாலும் ஸ்டீயரிங் ஆடும். டிஃபரன்ஷியலின் பினியன் முனை கீழே சாய்வதால் ஃபோர்வீலில் ஓடும்போது முன் ப்ரொபெல்லர் ஷாஃப்டும் அதிரும்.

டோ. முன்டயர்களின் நடுவில் சாக்பீஸ் கோடு போட்டு, ஹப் உயரத்தில் டயரின் முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் நாடாவால் அளவிடுங்கள். முன்பக்கம் சில மில்லிமீட்டர் குறைவாக இருப்பது ரிஜிட் ஆக்ஸிலுக்கு வழக்கம். சரியான எண் மேனுவலில் இருக்கும்.

டிராக் லிங்க். இதுவும் பேன்ஹார்ட் ராடும் முன்னாலிருந்து பார்க்கும்போது கிட்டத்தட்ட ஒரே சாய்வில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால், வண்டி குழியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். பார்ப்பவர்கள் இதையும் ஆட்டம் என்றே நினைப்பார்கள்.

## தாரும் குர்காவும் வைத்திருப்பவர்களுக்கு

கட்டை ஆக்ஸிலின் தன்னை வளர்க்கும் ஊசலாட்டம் உங்களுக்கு வராது. வருவதெல்லாம் டயர், பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ், டை ராட் எண்ட் வழியாகத்தான். பழைய தாரில் டார்ஷன் பாரை முறுக்கியே முன்பக்கத்தைத் தூக்கிவிடுவார்கள். அப்போது ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு), காஸ்டர், டோ மூன்றும் கலையும், பால் ஜாயின்ட்டும் டிரைவ் ஷாஃப்டும் தம் எல்லைக் கோணத்துக்குப் பக்கத்திலேயே வேலை செய்யும். அலைன்மென்ட் எண்கள் கம்பெனி வரம்புக்குள் வரவில்லை என்றால் வேறு மருந்தில்லை, உயரத்தைக் குறைக்க வேண்டியதுதான்.

## படி 7: இப்போது டேம்பர்

டேம்பர் என்பது ஸ்டீயரிங்குக்குப் போட்ட ஷாக் அப்சார்பர். கல்லில் மோதும் அதிர்ச்சியைக் குறைப்பது அதன் வேலை, தேய்ந்த கிங் பின்னைக் காப்பாற்றுவது அல்ல. ஏற்கெனவே டேம்பர் உள்ள வண்டியில் எண்ணெய் கசிகிறதா, முனை புஷ் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து, கெட்டிருந்தால் மாற்றுங்கள். முந்தைய ஆறு படிகளும் சுத்தமாக வந்த பிறகு மேற்கொண்டு கனமான டேம்பர் போட்டால் தவறில்லை.

## ஓட்டும்போது வந்துவிட்டால்

ஸ்டீயரிங்கை இரு கையாலும் உறுதியாகப் பிடியுங்கள், அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். கட்டைவிரலை ஸ்போக்குக்கு உள்ளே கொடுக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், சடன் பிரேக் அடிக்காமல் வேகத்தைச் சீராக இறக்கி, ஹசார்ட் விளக்கோடு ஓரம் கட்டுங்கள். நட்டுகளையும் டை ராடையும் பேன்ஹார்ட் ராடையும் பார்க்காமல் திரும்பக் கிளப்ப வேண்டாம். அதன்பின்னும் அருகிலுள்ள கேரேஜ்வரை மட்டும், குறைந்த வேகத்தில்.

## சட்டம் என்ன சொல்கிறது?

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களும் தயாரிப்பாளரின் அசல் அமைப்பும் மாறும்படி வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதைக் கேட்கலாம்.

## ஒரே பார்வையில்

- 70–90 வேகத்தில் மட்டும் வந்து போனால்: சேறு, பேலன்சிங், ரிம்
- பிரேக்கில் மட்டும்: டிஸ்க்
- ஆக்ஸிலரேட்டரில் மட்டும்: ப்ரொபெல்லர் ஷாஃப்ட், டிரைவ் ஷாஃப்ட்
- ஹம்ப், குழிக்குப் பின் வளர்ந்தால்: கிங் பின், பேன்ஹார்ட் ராட், டை ராட் எண்ட்
- ஸ்டீயரிங் நேருக்குத் திரும்பாவிட்டால்: காஸ்டர்
- குழியில் தானாகத் திரும்பினால்: டிராக் லிங்க் கோணம்

ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அதே சாலையில், அதே வேகத்தில், அதே காற்றழுத்தத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரே நாளில் நாலு பாகத்தை மாற்றிவிட்டால் எது குணமாக்கியது என்று தெரியாது, திரும்ப வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அலைன்மென்ட் செய்தால் முன்னும் பின்னுமான அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் டோ மட்டும் இருந்து காஸ்டர் இல்லை என்றால், லிஃப்ட் செய்த வண்டிக்கு அந்தத் தாள் பாதிக் கணக்குதான். மீதியையும் அளந்து தரச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.